கல்லா? உயிரா?

விழிஞ்ஞம் ஒரு மீன்பிடி ஊர். திருவனந்தபுரம் நகரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே கடலின் அடியில் வெறும் மணல் மட்டும் இல்லை. பெரிய பெரிய பாறைகளும் உண்டு. பாறை இருக்கும் இடத்தைக் கடல் தொழிலாளர்கள் 'பார்' என்பார்கள். பாரில் மீன் கூடும். அதனால் பாரை ஒட்டி வலை போடுவார்கள். சில நாள் மீனோடு கல்லும் வரும்.

அப்படி ஒரு கல் ஒரு நாள் வலையில் வந்தது. கரையில் ஒரு பாட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாட்டிக்குச் சொந்த ஊர் இனயம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் அது. கலியாணமாகி விழிஞ்ஞத்துக்கு வந்தவர். பக்கத்தில் பேத்தி நின்றாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

"பாட்டி, இது என்ன? பூப் பூவா குழி இருக்கே!"

"அது கல்லு மக்கா. வலையைக் கிழிக்கும். தூரப் போடு."

"கல்லுன்னா ஏன் வழவழன்னு இருக்கு? மேல தோல் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கே?"

பாட்டி கல்லை வாங்கிப் பார்த்தார். ஐம்பது வருஷமாகப் பார்க்கிற கல்தான். தொட்டுப் பார்த்தார். பேத்தி சொன்னது சரி. கல்லின் மேல் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு மெல்லிய சதை இருந்தது.

பாட்டி சொன்னதும் தப்பில்லை. பேத்தி கேட்டதும் தப்பில்லை. அது கல்லும்தான். உயிரும்தான். அதன் பெயர் பவளம். கல் போன்ற வீட்டைக் கட்டுவதால் 'கல் பவளம்' என்று சொல்வார்கள்.

நகைப் பவளம் வேறு

பவளம் என்றதும் நமக்கு நகைதான் நினைவுக்கு வரும். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் சிவப்புப் பவள மணி விற்கிறார்கள். மோதிரத்தில் பதிக்கிறார்கள். அதுவும் கடலில் உண்டாவதுதான். ஆனால் அது வேறு கூட்டம். அந்தக் கூட்டத்து உயிருக்கு வாயைச் சுற்றி எட்டு விரல்கள் இருக்கும். பேர்போன சிவப்புப் பவளம் ஐரோப்பாவுக்குத் தெற்கே உள்ள மத்தியதரைக் கடலில் கிடைப்பது.

நம் பாட்டி கையில் இருப்பது கல் பவளம். இதில் எல்லாம் ஆறு கணக்கு. ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்காகப் போகும். எட்டா, ஆறா என்று எண்ணிப் பார்ப்பதுதான் முதல் பிரிவு.

உயிர் எங்கே இருக்கிறது?

ஒரு சின்னப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாய் மேலே இருக்கிறது. வாயைச் சுற்றி மெல்லிய விரல்கள். கீழே பை மூடியிருக்கிறது. இதுதான் பவள உயிர். சிலர் 'பவளப் பூச்சி' என்கிறார்கள். ஆனால் அது பூச்சி அல்ல. காலும் இல்லை, சிறகும் இல்லை. கடலில் உடம்பில் பட்டால் எரியும் சொறி மீன் இருக்கிறதே, அதற்குத் தூரத்து உறவு. பவளத்தின் விரல்களிலும் அதே போல் நுண்ணிய கொடுக்குகள் உண்டு. இரவில் விரல்களை விரிக்கும். நீரில் மிதந்து வரும் சிறு உயிர்களைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். பகலில் பெரும்பாலும் விரல்களைச் சுருட்டிக்கொள்ளும்.

கடல் நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. பவள உயிர் அதை எடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம் கட்டுகிறது. கிண்ணத்துக்குள் தடுப்புச் சுவர்களும் கட்டுகிறது. நெல்லிக்காயை ஊறுகாய்க்குக் கீறுவது போல, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அந்தச் சுவர்கள் வரும். பேத்தி 'பூ' என்று சொன்னது இதைத்தான்.

ஒரு பவள உயிர் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் கட்டும். கிண்ணம் கிண்ணமாகச் சேர்ந்து ஒரு கல்லாகிறது. கல்லின் உள்பகுதி முழுவதும் விட்டுப்போன பழைய வீடு. மேல் பரப்பில் மட்டும்தான் குடித்தனம். உருண்டையாக வளரும் சில பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முழம் உயர்ந்த கல்லைப் பார்த்தால் அதற்கு நம் பாட்டியின் வயதுகூட இருக்கலாம்.

இன்னொரு அதிசயமும் உண்டு. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அது உணவு தயாரிக்கிறது. அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் பாசிக்கு இருக்க இடம் கொடுக்கிறது. கல்லில் தெரிந்த பச்சையும் பழுப்பும் இந்தப் பாசியின் நிறம்தான். வெயில் புகாத கலங்கல் நீரில் பாசி பிழைக்காது. அதனால்தான் பெரும்பாலான கல் பவளங்கள் ஆழம் குறைந்த, தெளிந்த நீரைத் தேடுகின்றன.

பவளம் ஒரு பிராணி என்பதைப் படித்தவர்களே லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. முன்காலத்தில் அதைக் கல் என்றார்கள். பிறகு கடல் செடி என்றார்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் பேசோனல் என்ற பிரெஞ்சு மருத்துவர் பவளத்தைக் கடல் நீரோடு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். பூ என்று எல்லோரும் சொன்னது விரல்களை நீட்டியது, சுருக்கியது. இது பூ இல்லை, பிராணி என்று பாரிஸ் நகர அறிஞர் சபைக்கு எழுதினார். அங்கே யாரும் நம்பவில்லை. ஊர் சிரிக்குமே என்று, அந்தக் கருத்தைச் சொன்னவர் யார் என்பதைக்கூட மறைத்துத்தான் சபையில் பேசினார்கள். கல்லா உயிரா என்ற கேள்வியில் நம் பாட்டி மட்டும் தடுமாறவில்லை.

பெரிய வாய், சின்ன வாய்

எல்லாக் கல் பவளமும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் குழி ஊசி குத்தியது போல் இருக்கும். மான் கொம்பு போல் கிளை விடும் பவளம் அப்படிப்பட்டது. அதன் அறிவியல் பெயர் அக்ரோபோரா. பாறை போல் உருண்டு திரளும் போரைட்டிஸ் பவளமும் அப்படித்தான். அதன் குழி 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

வேறு சிலவற்றில் குழி விரல் நுனி அளவு இருக்கும். சதையும் தடிப்பாக இருக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு கல்லே ஒரே உயிர். ஃபஞ்சியா என்ற பவளம் அப்படி. காளானைக் கவிழ்த்துப் போட்டது போல் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட வளரும். அந்தத் தட்டுக்கு நடுவில் ஒரே வாய். லட்சத்தீவிலும் அந்தமானிலும் இது உண்டு.

வெளிநாடுகளில் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வியாபாரிகள் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பெரிய வாய்ப் பவளம். மற்றது சின்ன வாய்ப் பவளம். பெரிய வாய்ப் பவளத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தீனியைத் துண்டாக வாயில் கொடுக்கலாம். சின்ன வாய்ப் பவளத்துக்கு நல்ல வெளிச்சமும் வேகமான நீரோட்டமும் வேண்டும். தொட்டி வைப்பவருக்கு இந்தப் பிரிவு உதவும்.

ஆனால் இது சந்தைப் பிரிவு. உறவுப் பிரிவு அல்ல.

ஏலம் விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய மீன் ஒரு பக்கம். பொடி மீன் ஒரு பக்கம். பொடி மீன் குவியலில் நெத்திலியும் கிடக்கும். நெய்மீன் குஞ்சும் கிடக்கும். இரண்டும் ஒரே கூடையில் கிடப்பதால் ஒரே சாதி ஆகிவிடுமா? நெய்மீன் குஞ்சுக்கு உறவு அந்தப் பக்கம் கிடக்கும் பெரிய நெய்மீன்தான். மீன் விற்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பவளத்திலும் இதே கதைதான். கோனியோபோரா என்று ஒரு பவளம். அதன் உயிர் நீண்டு வளர்ந்து, 24 விரல் விரித்து, செவ்வந்திப் பூ போல் ஆடும். பெரிய வாய்ப் பவளம் என்று வியாபாரி அதைத் தனியாக வைப்பார். ஆனால் அதன் சொந்தக் குடும்பம் எது தெரியுமா? ஊசி முனைக் குழி உள்ள போரைட்டிஸ் குடும்பம். இரண்டும் உறவு.

அல்வியோபோரா என்று மற்றொன்று. பார்த்தால் கோனியோபோரா போலவே இருக்கும். ஆனால் விரல்கள் 12 மட்டும். நெடுநாள் இரண்டையும் ஒரே குடும்பம் என்று எழுதிவைத்தார்கள். பின்னால் மரபணுவைச் சோதித்தார்கள். மரபணு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடல் குறிப்பு. அதைப் பார்த்தபோது அல்வியோபோராவுக்கு நெருங்கிய உறவு மான் கொம்புப் பவளம் என்று தெரிந்தது! பூ போல் ஆடுவதும் கொம்பு போல் நிற்பதும் பங்காளிகள். முகத்தைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பது கடலுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

தனி வீடும் பொதுச்சுவரும்

சரி, அறிஞர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் சதையைப் போக்குவார்கள். கல்லை மருந்து நீரில் ஊறவைத்துக் கழுவுவார்கள். வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். கிண்ணம் எவ்வளவு அகலம்? உள்ளே எத்தனை தடுப்பு? தடுப்பின் விளிம்பில் பல் இருக்கிறதா? பல் கூர்மையா, மழுங்கலா? ஒரு கிண்ணத்துக்கும் அடுத்த கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி உண்டா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இதைப் புரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்து வீடுகளையே பார்க்கலாம். ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்கு நடுவே தனித்தனி வீடுகள் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தச் சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்து. கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய அக்கிரகாரத் தெருவுக்குப் போனால் வேறு மாதிரி. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர்.

பவளத்தில் தனி வீடு கட்டுவதற்கு ஃபேவியா என்று பெயர் வைத்தார்கள். பொதுச்சுவர் கட்டுவது ஃபேவைட்டிஸ். மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. அதில் வீட்டுக்கு வீடு குறுக்குச் சுவரே இல்லை. வரிசையாகப் பல வாய்கள் ஒரே நீளக் கூடத்தில் குடியிருக்கும். கூடங்கள் வளைந்து நெளிந்து போகும். பார்த்தால் ஆட்டு மூளை போல் இருக்கும். அது பிளாட்டிஜைரா. மூளைப் பவளம் என்பது இப்படிப்பட்டதைத்தான். இம்மூன்றும் மன்னார் வளைகுடாவில் இருக்கின்றன.

இந்த மாதிரிப் பெரிய குழிப் பவளங்களை இனம் பிரித்ததில் ஓர் இந்தியருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் ஜார்ஜ் மத்தாய். லாகூரில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். தனித்தனிக் கிண்ணம் உள்ள வகைகளைப் பற்றி 1914-ல் விரிவாக எழுதினார். மூளை போல் நெளியும் வகைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலை 1928-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெளியிட்டது. உலகம் முழுவதும் பவளம் பிரிப்பவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் பழகினார்கள்.

பிற்பாடு அந்தப் பெயர்களிலும் மாற்றம் வந்தது. 2004-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஒரு செய்தியைச் சொன்னது. அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேவியாவும் நம் பக்கத்துக் கடலில் உள்ள ஃபேவியாவும் சாடையில்தான் ஒன்று, உறவில் வேறு. அதனால் 2012-ல் நம் பக்கத்து ஃபேவியாவுக்கு டிப்சாஸ்ட்ரியா என்ற பெயர் கொடுத்தார்கள். அதுவும் ஒரு பழைய பெயர்தான், தூசி தட்டி எடுத்தது. பழைய புத்தகத்தில் ஃபேவியா என்றும் புதியதில் டிப்சாஸ்ட்ரியா என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண்ணைப் போல்தான். ஆள் அதே ஆள்.

திருவிதாங்கூர்க் கடலின் பெயர்ப் பட்டியல்

சி. எஸ். கோபிநாத பிள்ளை என்ற அறிஞரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். பவளங்களைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு 1967-ல் திருவனந்தபுரத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான நூல் எழுதினார். மண்டபம், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, மினிக்காய் என்று பல இடத்துப் பவளங்களைப் பிரித்துப் பெயர் எழுதினார். இந்தியக் கடல்களில் 199 வகைக் கல் பவளம் இருப்பதாக 1983-ல் பட்டியல் கொடுத்தார். 199 வகையும் 71 பேரினங்களில் அடங்கின. பேரினம் என்றால் பங்காளிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்தமான் பக்கம் நிறையத் தேடினார்கள். இன்று எண்ணிக்கை அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் என்னென்ன கல் பவளம் இருக்கிறது என்பதே அதன் பொருள். கொல்லம் முதல் இனயம் வரை உள்ள கரை அது. நம் பாட்டியின் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் இந்தக் கரையில்தான். 1956 நவம்பர் 1 அன்று மாநிலம் பிரிந்தபோது இனயம் தமிழ்நாட்டுக்கு வந்தது. விழிஞ்ஞம் கேரளத்தில் நின்றது. கடலுக்கு அடியில் இருந்த பாறைக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே தொடர்தான்.

லட்சத்தீவு போலவோ மன்னார் வளைகுடா போலவோ இங்கே பெரிய பவளத் திட்டு இல்லை. தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கடலில் தள்ளும். நீர் கலங்கும். வெயில் புகாது. அதனால் பவளம் இங்கே அரண்மனை கட்டுவதில்லை. கருங்கல் பாறையில் அங்கங்கே ஒட்டிக் குடிசை போடுகிறது. குடிசை என்றாலும் குடித்தனம் குடித்தனம்தானே. அந்தப் பாறை இடுக்கில் கலவா மீன் ஒளியும். கல் இறால் பதுங்கும். சிறு மீன்கள் மேயும். வலை போடுகிறவருக்குப் பாரின் மதிப்பு தெரியும்.

பெயர் எதற்கு?

"பேரு தெரிஞ்சா என்ன ஆகப்போவுது? சோறா போடும்?" என்று பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கடலில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. சுற்றிலும் பவளத் திட்டுகள். 1960, 1970-களில் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் டன் கரைக்கு வந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது. கார்பைடு செய்யும் தொழிலுக்குப் போனது. வீடு கட்டவும் சாலை போடவும் போனது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் பவளமும் ஒரே பொருளிலிருந்து வருவதுதானே. கையில் கடப்பாரையோடு கழுத்தளவு நீரில் நின்று வெட்டியவர்கள் அன்றாடக் கூலிக்காரர்கள். கல் என்று சொன்னார்கள், வெட்டினார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. வாங்கிய தொழிலும் கட்டிய வீடும் அவர்களுடையது அல்ல.

பவளத் திட்டு என்பது தீவுக்கு வேலி. அலை முதலில் வேலியில் மோதும். வேகம் குறைந்துதான் தீவுக்கு வரும். வேலி போனால் அலை நேராக மணலை அரிக்கும். அப்படித்தான் நடந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. விலாங்குசல்லி தூத்துக்குடிப் பக்கம் இருந்தது. அதன் பெயரிலேயே சல்லி இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர்தான்.

1986-ல் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆனாலும் ஒரு சிக்கல் நீடித்தது. வனவிலங்குச் சட்டம் விலங்கைக் காப்பதற்கு. பவளம் கல்லா, விலங்கா? 2001 ஜூலை மாதம் மத்திய அரசு அதற்கு முடிவு சொன்னது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் எல்லாக் கல் பவளங்களையும் சேர்த்தது. கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் ஆகியவையும் சேர்ந்தன. யானையும் புலியும் இருக்கும் அதே பட்டியல். பவளத்தை வெட்டினாலும், விற்றாலும், வீட்டில் அழகுக்கு வைத்தாலும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

சட்டம் 'எல்லாக் கல் பவளங்களும்' என்கிறது. ஒரு மூட்டையில் கல் பிடிபட்டால் அது கல் பவளமா, வெறும் சுண்ணாம்புக் கல்லா என்று யாராவது சொல்ல வேண்டும். அங்கேதான் கிண்ணத்தை அளந்து, தடுப்பை எண்ணும் ஆள் தேவைப்படுகிறார்.

இன்னொரு ஆபத்துக்கு எந்தச் சட்டமும் தடை போட முடியாது. அது சூடு. கடல் நீரின் சூடு வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பவளம் தன் சதையிலுள்ள பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய்விடும். வெள்ளைக் கூடு வெளியே தெரியும். இதை வெளிறிப்போதல் என்கிறார்கள். உடனே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். இந்தியக் கடல்களில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2024 கோடையில் லட்சத்தீவில் மறுபடியும் பார்த்தார்கள்.

வெளிறும்போது எல்லாப் பவளமும் ஒன்று போல் சாவதில்லை. மான் கொம்புப் பவளம் சீக்கிரம் போய்விடும். தடித்த சதையுள்ள பெரிய வாய்ப் பவளங்கள் பல கொஞ்சம் தாங்கும். ஆனால் அதோடு கணக்கை முடிக்க முடியாது. ஊசிக் குழி உள்ள போரைட்டிஸும் தாங்குகிறது. வாய் சின்னது, உயிர் கெட்டி. பெரிய வாய், சின்ன வாய் என்று மட்டும் எழுதிவைத்தவருக்கு இது புரியாது. குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் எழுதிவைத்தவருக்குத்தான் எது போனது, எது நின்றது என்று சொல்ல முடியும்.

ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஏறாத ஆளுக்கு அரிசி இல்லை. அவர் ஊரை விட்டுப் போனாலும் கணக்கில் தெரியாது. முன்பே இல்லாத பெயரை எப்படி அடிக்க முடியும்? திருவிதாங்கூர்க் கரையின் பவளத்துக்கு 1995-ல் ஒரு கார்டு எழுதப்பட்டது என்று சொல்லலாம். நாளை ஒருவர் அதே பாறையில் முங்கிப் பார்த்து, இன்ன வகை முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று சொல்வதற்கு அந்தத் தாள் வேண்டும்.

வலையில் வந்தால்

வலையில் உயிருள்ள பவளம் வந்தால் எப்படித் தெரியும்? நிறம் இருக்கும். தொட்டால் வழவழப்பாக இருக்கும். வெயிலில் போடக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவக்கூடாது. ஈரம் காயும் முன் கடலிலேயே விட வேண்டும். முடிந்தால் எடுத்த பாரிலேயே விடுவது நல்லது. மணலில் விழுந்தால் புதைந்து சாகும். வெள்ளையாகக் காய்ந்த கூடாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போகவோ சுற்றுலாப் பயணிக்கு விற்கவோ கூடாது. சட்டம் அதையும் பவளமாகத்தான் பார்க்கும்.

பாட்டி கல்லை வாளியிலிருந்த கடல் நீரில் இறக்கினார். பேத்தி குனிந்து பார்த்தாள்.

"பாட்டி, இது தனி வீடா, பொதுச்சுவரா?"

பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரல் நகத்தால் மெல்லத் தடவினார். இரண்டு குழிக்கும் நடுவே சந்து இல்லை.

"பொதுச்சுவருதான். அடுத்தடுத்த வீடு."

"எந்தப் பாரில் கிடைச்சது?"

"உன் மாமனைக் கேளு. பன்னிரண்டு பாகம் ஆழம்னு சொன்னான்."

பேத்தி நோட்டை எடுத்தாள். பாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டார். பாட்டி எழுத்துக் கற்று ஒரு வருஷம்தான் ஆகிறது. மெதுவாக, கூட்டிக் கூட்டி எழுதினார். முதல் வரியில் தேதி. அடுத்த வரியில் விழிஞ்ஞம். அதற்குக் கீழே: 12 பாகம். பொதுச்சுவர். பச்சை. உயிர் இருக்கு.

பிறகு மகனைக் கூப்பிட்டு வாளியைக் கொடுத்தார். வள்ளம் மறுபடி போகும்போது அதே பாரில் இறக்கிவிடச் சொன்னார்.